மலை ஓடையில் பயிருக்கு அடிக்கும் மருந்து கலக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி

ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பி, 'எல்லாம் வரம்புக்குள்' என்று சீட்டு வந்துவிட்டால் ஓடை நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். நீலகிரியின் தேயிலைச் சரிவுகளுக்கும் மலைக்காய்கறித் தோட்டங்களுக்கும் கீழே ஓடும் ஓடைகளுக்கு அந்தச் சீட்டு போதாது. அதில் இருக்கும் வரம்பு மனிதனுக்கானது. குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012) அதற்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இடம் கொடுக்கிறது. நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்த குறுகிய கால வரம்போ 0.083 மைக்ரோகிராம்தான். முந்நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். குடிநீர்ச் சோதனையில் தேறிய தண்ணீரில் நண்டும் பூச்சியும் செத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு சிக்கல் நேரம். மருந்து ஓடையில் எப்போதும் இருப்பதில்லை. அடித்த பிறகு வரும் முதல் நல்ல மழையோடு இறங்கி, சில மணி நேரத்தில் கடந்துபோய்விடும். மூன்று நாள் கழித்துப் பிடித்த தண்ணீரில் அதைத் தேடினால் கிடைக்காது. அந்த சில மணி நேரத்தில் செத்த பூச்சிகள் மட்டும் வாரக்கணக்கில் திரும்பி வராது. ஆகவே முதலில் உயிர்களைப் பாருங்கள், அப்புறம் தண்ணீரைப் பாருங்கள், கடைசியில் லேபுக்குப் போங்கள். இந்த வரிசை மாறினால் பணம்தான் வீணாகும்.

எங்கே நிற்பது

ஒரே ஓடையில் குறைந்தது மூன்று இடம் வேண்டும். ஒன்று, கடைசித் தோட்டத்துக்கும் மேலே, சோலையை ஒட்டி. இரண்டாவது, மருந்து அடிக்கும் தோட்டத்துக்கு உடனே கீழே, 100 மீட்டருக்குள். மூன்றாவது, அதிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி. மூன்று இடத்திலும் தண்ணீர் கல்லின் மேல் சலசலத்து ஓட வேண்டும். ஆழம் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். கல்லின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மேலே பாறை ஓட்டம், கீழே சேற்றுக் குட்டை என்று எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது மருந்தை அல்ல, தரையை.

பலரும் சறுக்குவது இன்னொரு இடத்தில். தோட்டத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் நடுவே ஒரு ஹட்டியின் (மலைக் குடியிருப்பின்) சாக்கடையோ, தங்கும் விடுதியின் செப்டிக் டேங்க் கசிவோ, காரட் கழுவும் இயந்திரத்தின் வடிகாலோ சேர்கிறதா என்று ஓடையோடு நடந்து பாருங்கள். சேர்ந்தால் அதற்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எது எதைக் கொன்றது என்று கடைசிவரை சொல்ல முடியாது. நடக்கும்போதே தெளிப்பான் டேங்க்கை எங்கே நிரப்புகிறார்கள், எங்கே கழுவுகிறார்கள் என்றும் கவனியுங்கள். ஓடைக்கரையில் கிழிந்த மருந்து பாக்கெட்டுகள் குவிந்திருந்தால் அதுதான் கழுவும் இடம். காற்றில் பறந்து வருவதைவிட அங்கே ஒரு டேங்க் கழுவல் நேராக ஊற்றும் மருந்து அதிகம்.

காப்புக்காடு, முதுமலை எல்லைக்குள் வலை போட வனத்துறை அனுமதி வேண்டும். வருவாய் நிலத்து ஓடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டுமாடு தண்ணீர் குடிக்க வரும் விடியற்காலையையும் மாலையையும் தவிர்த்து, 10 மணி முதல் 2 மணிக்குள் முடியுங்கள். எந்த மழையை எதிர்பார்ப்பது என்பது சரிவைப் பொறுத்தது: கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவம். ஏப்ரல், மே கோடை மழை இரண்டு பக்கத்துக்கும் பொது. காய்ந்த மண்ணில் விழும் அந்த முதல் மழையை விட்டுவிடாதீர்கள்.

கல்லைத் திருப்பி, வலையைப் பிடித்து

தேவையானவை: 30 செ.மீ. அகல வாயுள்ள கைப்பிடி வலை, வெள்ளைத் தட்டு ஒன்று, மெல்லிய இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை. வலையின் கண் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கொசுவலையில் தைத்தால் கண் பெரிது; சின்ன இளம்பூச்சிகள் நழுவிப்போய், 'ஓடையில் ஒன்றுமில்லை' என்ற பொய்யான முடிவு வரும்.

தண்ணீர் மாதிரிகளை முதலில் எடுத்துவிடுங்கள். ஓடைக்குள் கால் வைத்த பிறகு எடுத்தால் கலங்கிய மண்தான் வரும். பிறகு வலையின் வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி அடியில் ஊன்றி, அதற்கு மேல்பக்கம் நின்று காலால் கற்களைப் புரட்டுங்கள், ஏறத்தாழ 10 செ.மீ. ஆழம் வரை. ஒரு இடத்துக்கு மொத்தம் 3 நிமிடம், கடிகாரம் வைத்து. வேக ஓட்டம், கரையோரம், இலைக்குப்பை தேங்கிய இடம் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய கற்களைக் கையால் தேய்த்து வலைக்குள் கழுவுங்கள். இதே வேலையை ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை செய்யுங்கள். ஒரே முறை எடுத்துச் சொல்லும் எண்ணிக்கையை யாரும் நம்பத் தேவையில்லை.

தட்டில் தண்ணீர் விட்டு வலையைக் கவிழ்த்ததும் எல்லாம் அசைவற்றுக் கிடப்பதுபோலத் தோன்றும். ஒரு நிமிடம் பொறுங்கள். ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும். நாம் தேடுவது மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் என்ற மூன்று வகைப் பூச்சிகளை; இளம்பருவத்தை ஓடையில் கழித்து, வளர்ந்தபின் பறந்துபோகிறவை இவை. தட்டையான மேஃப்ளை இளம்பூச்சியை ஒரு கல்லோடு எடுத்துப் பார்த்தால் அது முன்னே ஓடாது. நண்டு மாதிரி பக்கவாட்டில் வழுக்கி, கல்லின் அடிப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். வயிற்றின் இருபக்கமும் இலைபோன்ற செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும், பெரும்பாலும் வால் மூன்று. ஸ்டோன்ஃப்ளைக்கு வால் இரண்டு, ஒவ்வொரு காலிலும் நகம் இரண்டு, செவுள் முடிக்கற்றைகள் கால்கள் உடலோடு சேரும் இடத்தில். கேடிஸ் புழுக்களில் சில மணலையும் இலைத்துண்டையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருக்கும். சில கூடில்லாமல் கல்லிடுக்கில் சிலந்திபோல வலை பின்னிக்கொள்ளும். இந்த மூன்று குடும்பக் கூட்டங்களைப் பிரித்தறியத் தெரிந்தாலே வேலையில் பாதி முடிந்தது.

எண்ணி முடித்ததும் உயிரோடு திரும்ப விடுங்கள். அடுத்த ஓடைக்குப் போகுமுன் வலையையும் பூட்ஸையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோய் ஈர வலையில் ஏறி ஓடை மாறும். இங்கே வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நாமே நோய் கொண்டுபோகக் கூடாது.

தட்டில் இருப்பது என்ன சொல்கிறது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஆற்றைத் தரம் பிரிக்கும் முறையைப் பயன்படுத்துகிறது. நல்ல முறைதான். ஆனால் அந்த மதிப்பெண்கள் சாக்கடையை மனதில் வைத்து, அதாவது ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் திறனை வைத்து, உருவானவை. மருந்தைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் எது இல்லை, எது மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

சாக்கடை சேர்ந்த இடத்தில் ஆக்சிஜன் குறையும், சிவப்புப் புழுக்களும் மண்புழு இனத்துச் சின்னப் புழுக்களும் ஏராளமாக இருக்கும், கல்லின் மேல் சாம்பல் நிறச் சளி படியும், மூக்குக்கும் தெரியும். பூச்சிமருந்து வேறு மாதிரி. தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆக்சிஜன் முழுதாக இருக்கும், நாற்றம் இருக்காது. ஆனால் ஸ்டோன்ஃப்ளையும் மேஃப்ளையும் நண்டும் இருக்காது. புழு, அட்டை, நத்தை மட்டும் இருக்கும். பாசியை மேயும் பூச்சிகள் போய்விட்டதால் கல்லின் மேல் பச்சை வழுவழுப்பு தடித்திருக்கும். 'தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கே' என்று ஏமாறுவது இங்கேதான்.

நத்தையை வைத்து இன்னொரு துப்பும் கிடைக்கும். பெரும்பாலான பூச்சிமருந்துகள் நத்தையை அவ்வளவாகத் தொடாது, தாமிரம் தொடும். தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு ஓடையில் இறங்கினால் நத்தையும் தட்டை மேஃப்ளையும் சேர்ந்து மறையும். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புச் சத்து குறைந்த மலைத் தண்ணீரில் இயல்பாகவே நத்தை குறைவு. மேல் இடத்தில் நத்தை இருந்து கீழே இல்லாவிட்டால்தான் அது சாட்சி. பெரு வெள்ளத்துக்கு அடுத்த வாரம் எடுத்தாலும் எல்லா இடத்திலும் பூச்சி குறைவாக இருக்கும். மேல் இடத்தை அளந்திருந்தால் அந்தக் குழப்பம் வராது.

மருந்து அடிக்கும் நாள் தெரிந்தால் மிதவை வலையையும் போடலாம். இரண்டு கம்பி நட்டு நீரோட்டத்துக்கு எதிராக வலையைக் கட்டி, அடிப்பதற்கு முன் ஒரு மணி நேரம், அடித்த பிறகு ஒரு மணி நேரம் வையுங்கள். நரம்பைத் தாக்கும் மருந்து பட்ட பூச்சிகள் பிடி விட்டு அடித்துக்கொண்டு வரும். இரண்டையும் பகலிலேயே செய்ய வேண்டும். இருட்டியதும் பூச்சிகள் தாமாகவே அதிகம் மிதந்து வரும். பகலையும் இரவையும் ஒப்பிட்டால் இல்லாத விஷம் இருப்பதாகத் தெரியும்.

மலைக்கு ஏற்ற அளவுகள்

வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கடினத்தன்மை, அம்மோனியா, நைட்ரேட். இவ்வளவையும் மூன்று இடத்திலும் ஒரே நாளில் அளக்க வேண்டும்.

ஆக்சிஜனை அளக்கும்போது உயரத்தை மறக்காதீர்கள். 15 டிகிரி தண்ணீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மி.கி. பிடிக்கும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, ஆகவே அதே தண்ணீர் பிடிப்பது 7.7 மி.கி. அளவே, குன்னூர் உயரத்தில் 8 மி.கி. ஊட்டியில் 7.5 வந்தால் அது குறைவல்ல, நிறைவு. மீட்டரில் உயரத்தைப் பதியாமல் அளந்து 'ஆக்சிஜன் பற்றாக்குறை' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மீட்டர் இல்லாவிட்டால் விங்க்ளர் முறை போதும், நம்பகமானது: 300 மி.லி. கண்ணாடி மூடி பாட்டிலில் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட், காரமான அயோடைடு-அசைடு கரைசல் ஒவ்வொன்றும் 1 மி.லி. விட்டு, பழுப்புப் படிவு இறங்கிய பிறகு 1 மி.லி. அடர் கந்தக அமிலம் விடுங்கள். அதிலிருந்து 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால், ஸ்டார்ச் நீலம் மறையும்வரை சொட்டினால், செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். அமிலமும் அசைடும் ஆபத்தானவை. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவை, 'குடிநீருக்குத்தானே' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மலை ஓடையில் விடவே கூடாதது அதுதான். நீலகிரியின் பாறை சார்னோகைட்; அதிலிருந்து சுண்ணாம்பு அதிகம் கரையாது, தண்ணீர் மென்மையாக இருக்கும். தாமிரத்தின் விஷம் மென்னீரில் கூடும், ஏனென்றால் செவுளில் தாமிரம் ஒட்டும் இடத்துக்குப் போட்டியாகக் கால்சியம் இல்லை. அமெரிக்க முகமையின் கடினத்தன்மைச் சூத்திரப்படி கடினம் லிட்டருக்கு 100 மி.கி. இருக்கும் தண்ணீரில் தாமிரத்தின் குறுகிய கால வரம்பு ஏறத்தாழ 13 மைக்ரோகிராம். கடினம் 25 ஆனால் 4-க்கும் கீழ். நம் குடிநீர்த் தரத்தின் ஏற்கத்தக்க அளவோ 50. சமவெளிக் குளத்து மீன் தாங்கும் தாமிரம் இங்கே அவலாஞ்சி டிரவுட்டைக் கொன்றுவிடும். அளப்பது எளிது: பஃபர் கரைசலும் எரியோகுரோம் பிளாக்-டி-யும் சேர்த்து, 0.01 மோலார் இ.டி.டி.ஏ.வை ஊதா-சிவப்பு நீலமாகும்வரை சொட்டுங்கள். வழக்கமான 50 மி.லி.க்குப் பதில் 100 மி.லி. தண்ணீர் எடுங்கள், மென்னீரில் சொட்டுகள் குறைவாகச் செலவாகி ஒரு சொட்டுப் பிழையே பெரிதாகிவிடும். 100 மி.லி. எடுத்தால் செலவான மி.லி.யைப் பத்தால் பெருக்குங்கள்.

இதே மென்னீர் பி.எச். மீட்டரையும் அலைக்கழிக்கும். உப்பு குறைவாக இருப்பதால் எண் நிலைக்க நேரமாகும். முள் நிற்கும்வரை, சில நேரம் ஐந்து நிமிடம், பொறுக்க வேண்டும். அவசரத்தில் எழுதிய பி.எச்.ஐ வைத்து அம்மோனியாவைக் கணக்கிட்டால் பிழை பல மடங்காகும். 20 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷத்தன்மையுள்ள பங்கு நூற்றுக்கு 0.4, பி.எச். 8 ஆனால் ஏறத்தாழ 4. காரட், உருளை வயல்களில் கோழி எருவும் யூரியாவும் இடும் பருவத்தில், பாசி மண்டிய ஓடையில் பிற்பகலில் பி.எச். ஏறும். அந்த நேரத்திலும் ஒரு முறை அளங்கள்.

நைட்ரேட் சோதனைப் பட்டையில் ஒரு பொறி: சில பட்டைகள் நைட்ரேட் என்று காட்டும், சில நைட்ரேட்-நைட்ரஜன் என்று காட்டும். முதலாவதில் 45 என்பது இரண்டாவதில் 10. பெட்டியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

முதல் மழையைப் பிடிக்கும் பாட்டில்

நள்ளிரவில் மழை வந்தால் யாரும் ஓடைக்குப் போக முடியாது, போகவும் கூடாது. அந்த வேலையை ஒரு பாட்டில் செய்யும். 1 லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், இரண்டு துளையிட்ட அடைப்பான், கையால் வளைத்த இரண்டு எஃகுக் குழாய்கள், உள்விட்டம் 6 மி.மீ. நீர்க்குழாய் பாட்டிலின் அடிவரை இறங்க வேண்டும். காற்றுக்குழாய் அடைப்பானுக்கு உடனே கீழே நின்றுவிட வேண்டும். இரண்டின் மேல்முனையையும் கைத்தடிபோல வளையுங்கள், மழைத்துளியும் இலையும் நேராக விழாது. ரப்பர் அடைப்பான் மருந்தை உறிஞ்சும். உள்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். பிளாஸ்டிக் குழாயும் அதே காரணத்தால் வேண்டாம்.

ஆற்றடியில் அடித்து இறக்கிய இரும்புக் கம்பியில் பாட்டிலை நிமிர்த்திக் கட்டுங்கள். நீர்க்குழாயின் வளைவு அன்றைய நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும். மழையில் ஓடை அவ்வளவு ஏறியதும் தண்ணீர் உள்ளே இறங்கும், காற்று மற்றக் குழாய் வழியே வெளியேறும், நிறைந்ததும் நின்றுவிடும். காற்றுக்குழாய் நீர்க்குழாயைவிட ஒரு முழமாவது உயரமாக இருக்கட்டும். மலை ஓடை சட்டென்று ஏறும். காற்றுக்குழாயும் முழுகிவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு அரை பாட்டில்தான் கிடைக்கும். காலி பாட்டில் மிதக்கப் பார்க்கும், ஆகவே கழுத்திலும் இடுப்பிலும் இரண்டு உலோகக் கிளாம்ப் போடுங்கள். கயிறு ஒரே இரவில் தளர்ந்துவிடும். மேல் இடத்திலும் ஒன்று கட்டாயம் வையுங்கள். காலையில் வெள்ளம் வடிந்த பிறகு எடுத்து உடனே ஐஸ் பெட்டியில் போடுங்கள்.

லேபுக்கு அனுப்புவது

பூச்சிமருந்துக்குப் பழுப்புக் கண்ணாடி; அசிட்டோனால் கழுவிக் காயவைத்தது; ஓடைத் தண்ணீரால் அலசாமல் நேராக நிரப்புங்கள், அலசினால் மருந்து சுவரில் ஒட்டிச் சேரும். 4 டிகிரியில் வைத்து 7 நாளைக்குள் பிரித்தெடுக்க வேண்டும். தாமிரம் போன்ற உலோகத்துக்கு நேர்மாறு: பிளாஸ்டிக் பாட்டில், 0.45 மைக்ரான் வடிகட்டி, பி.எச். 2-க்குக் கீழ் வரும்வரை நைட்ரிக் அமிலம். சைபர்மெத்ரின் வகை மருந்துகளும் குளோர்பைரிபாஸும் மண்துகளோடு ஒட்டி ஓடும். தேங்கிய இடத்து மேல் 2 செ.மீ. வண்டலை எஃகுக் கரண்டியால் 250 கிராம் அளவுக்குக் கண்ணாடி ஜாடியில் எடுத்து அதையும் அனுப்புங்கள். காரட் கழுவும் இடத்துச் சேற்றுக்கு இது இன்னும் முக்கியம். வடித்த நீர் ஊற்றிய பாட்டில் ஒன்றை ஓடைக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, மற்றவற்றோடு பெயர் சொல்லாமல் அனுப்புங்கள். அதிலும் மருந்து வந்தால் பிழை உங்கள் கையிலோ லேபிலோ இருக்கிறது.

அனுப்புமுன் லேபில் கேட்க வேண்டியது ஒன்று: உங்கள் கருவி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? குளோர்பைரிபாஸுக்கு அது 1 மைக்ரோகிராம் என்றால், 'கண்டறியப்படவில்லை' என்று வரும் சீட்டுக்கு ஓடையைப் பொறுத்தவரை எந்த அர்த்தமும் இல்லை. 0.1-க்குக் கீழே, முடிந்தால் 0.05 வரை அளக்கும் இடத்தைத் தேடுங்கள். எந்த மருந்தைத் தேடுவது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தோட்டக்காரர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள்: எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை டேங்க். பெரும்பாலோர் சொல்வார்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அந்த ஓடையில்தான் காலை நனைக்கிறார்கள். டப்பாவின் முக்கோண நிறத்தை வைத்து ஓடைக்கு ஆபத்தா இல்லையா என்று தீர்மானிக்காதீர்கள். அந்த நிறம் பாலூட்டிகளுக்கு எவ்வளவு விஷம் என்பதைச் சொல்வது. மீனையும் நண்டையும் பற்றி எதுவும் சொல்லாது.

கொடைக்கானல் பக்கம் பாதரசத்தைத் தேடுவோருக்கு மேலே சொன்னது பாதிதான் பொருந்தும். அங்கே தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்ட பிறகும் கேள்வி முடியவில்லை. பாதரசம் வண்டலில் தங்கி, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். ஆகவே தண்ணீரைவிட, வயதான, மற்ற மீன்களைத் தின்னும் மீனின் சதையைச் சோதிப்பதே சரி. தண்ணீர் எடுத்தால் கண்ணாடியிலோ டெஃப்லானிலோ எடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் சுவர் வழியே பாதரசம் கசிந்து போகும், உள்ளேயும் வரும்.

மீன் செத்து மிதந்தால்

அந்த நேரத்தில் வரிசையெல்லாம் மாறும். முதலில் கரைந்த ஆக்சிஜன், பி.எச்., வெப்பநிலை, நேரம், பத்து நிமிடத்துக்குள். ஆக்சிஜன் 2-க்குக் கீழே இருந்தால் மூச்சுத்திணறல் காரணமாக இருக்கலாம்; 7 இருந்தால் விஷத்தைத் தேடுங்கள். உடனே ஒரு லிட்டர் தண்ணீர், பிறகு ஓடையோடு மேலே நடந்து உயிருள்ள மீன் தென்படும் இடம்வரை போய் அங்கேயும் ஒரு லிட்டர். அழுகிய மீனால் பயனில்லை. இன்னும் துடிக்கும் மீனையோ, செவுள் சிவப்பு மாறாத மீனையோ கையுறையோடு எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி, இடமும் நேரமும் பென்சிலால் எழுதிய சீட்டை வைத்து உறையவையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் வகை மருந்தா என்பதை மூளையின் கோலினெஸ்டரேஸ் நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும். அதற்கு அதே இனத்து நல்ல மீன் இரண்டு மூன்று மேல் இடத்திலிருந்தும் வேண்டும். வழியில் ஒரு முறை உருகி மறுபடி உறைந்த மீனை லேப் ஏற்காது. கோவைக்கு இறங்கும் பேருந்தில் அனுப்புவதானால் பெட்டியில் சாதாரண ஐஸ் போதாது; மூடியை இறுக்காமல் உலர் ஐஸ் (திட கார்பன் டை ஆக்சைடு) போடுங்கள்.